கரைந்த வளியா, கரைக்கப்பட்ட வாயுவா?

போன வாரம் காட்பாடி பசங்க ரெண்டு பேரோட ப்ராஜெக்ட்டுக்கு தமிழ் சுருக்கம் திருத்திக் குடுத்தேன். நித்தியகல்யாணி செல்லை ஃபிளாஸ்க்ல வளத்து அஜ்மலிசின்ங்கற மருந்துப் பொருளை எடுக்கறது பத்தி. ஒரே பக்கத்துல ஏழு இடத்துல "கரைக்கப்பட்ட வாயுக்கள்". மொழிபெயர்த்த பாடக்குறிப்புலயும் இதே தான் வருது, பாத்துப் பாத்து சலிச்சுட்டேன்.

காஸ்ங்கறது 17ஆம் நூற்றாண்டுல ஃபான் ஹெல்மாண்ட் கிரேக்க கேயாஸ்லருந்து எடுத்த பேரு. நமக்கு வளி இருக்கு, குறள் 941லயே வருது, அங்க உடம்புல இருக்கற வாதத்தைச் சொல்றாங்க. வாயுன்னாலும் தப்பில்ல, ஆனா நம்ம பக்கம் வாயுன்னா வயித்தைத் தான் காட்டுவாங்க.

என் சண்டை முன்னாடி இருக்கற சொல்லோட. கரையறது வேற, கரைக்கறது வேற. வெல்லம் தண்ணியில கரையுது, புளிய அம்மா பிசைஞ்சு கரைக்கறாங்க. கோலி சோடாவுல காஸ அழுத்தி ஏத்தறாங்க, அத கரைத்த வளின்னா சரி. ஃபிளாஸ்க்ல ஆக்சிஜன நாமதான் காத்து ஊதி ஏத்தறோம்னு வெச்சாலும், கார்பன் டை ஆக்சைட யாரு கரைச்சா? செல்லே மூச்சு விட்டு வெளிய தள்ளுது. எத்திலீன்ங்கற வளியும் செல்லு பண்றதுதான். "கரைக்கப்பட்ட"ன்னு எழுதினதும் ஏத்துனது மட்டும் தான் மனசுல நிக்குது, இந்த ரெண்டும் மறைஞ்சிடுது.

அந்தப் பசங்கள்ல ஒருத்தன்கிட்டயே பாத்தேன். காத்தைக் கூட்டினா கெடைக்கற அஜ்மலிசின் ஏன் கொறையலாம்னு கேட்டா, "ஆக்சிஜன் ஜாஸ்தியாயிடும் சார்"னான், அதோட நின்னுட்டான். வேகமா குமிழி விட்டா அது மேல போகும்போது கார்பன் டை ஆக்சைடையும் எத்திலீனையும் வாரிக்கினு போயிடும், அதனாலயும் செல்லோட வேலை மாறலாம்னு அவனுக்குத் தோணவே இல்ல. குமிழி பொங்கறத பாத்து நிறைய கரைஞ்சிருக்குன்னும் நினைக்கறாங்க, 25 டிகிரியில லிட்டர் தண்ணி காத்துலருந்து பிடிச்சு வெச்சுக்கற ஆக்சிஜன் 8 மில்லிகிராம் சுமார் தான், நம்ம மே மாச வேலூர் சூடு 40னா ஆறரைக்கும் கீழ போயிடும்.

செயப்பாட்டு வினை போட்டாதான் அறிவியல் நடைன்னு யாரு சொல்லிக் குடுத்தாங்களோ, கடை வாசல்லயும் "மூடப்பட்டுள்ளது"ன்னு எழுதறாங்க, மூடியிருக்குன்னா புரியாதா? தமிழ்ல தன்வினை பிறவினைன்னு ரெண்டு இருக்கறதே யாரு செஞ்சாங்கன்னு காட்டத்தானே.

ஏழு இடத்துலயும் அடிச்சு "கரைந்த வளி"ன்னு போட்டேன். ஆக்சிஜன மட்டும் உயிர்வளின்னு மாத்தல, லேப்ல மீட்டரைப் பாக்கறவங்க எல்லாரும் ஆக்சிஜன்னுதான் சொல்றாங்க, அதுல கொழப்பமே இல்ல.