சந்தனக் கன்னு பக்கத்துல இருக்கிற செடிய பிடுங்கிடாதீங்க

மறையூர்ல வீட்டுக்குப் பின்னாடி வைக்கலாம்னு நர்சரியில ரெண்டு சந்தனக் கன்னு வாங்கிட்டு வந்தேன், ரெண்டு கவர்லயும் கன்னு கூடவே பொன்னாங்கண்ணி இருந்துச்சு, களைன்னு நெனச்சு ஒண்ணுல மட்டும் பிடுங்கிப் போட்டுட்டேன். தண்ணி, சாணி எல்லாம் ஒழுங்கா குடுத்தும் அந்தக் கன்னு மட்டும் இலை வெளுத்து அப்படியே நின்னு போச்சு.

இன்னொரு கவரைப் பிரிச்சு, வேர தண்ணில மெதுவா அலசிப் பார்த்தப்பதான் புரிஞ்சுது. சந்தன வேர் பொன்னாங்கண்ணி வேர தொடுற இடத்துல எல்லாம் கடுகு சைஸ்ல வெள்ளையா மொட்டு மொட்டா ஒட்டிட்டு இருக்கு. ஹாஸ்டோரியான்னு சொல்லுவாங்க, உறிஞ்சுற வேர்னு வச்சுக்கலாம். அதுக்குள்ள இருந்து ஆப்பு மாதிரி ஒரு திசு கிளம்பி, பக்கத்து வேரோட தண்ணிக் குழாய், அதாவது சைலம் வரைக்கும் போயிடுது. சந்தனம் தன்னோட சாற கெட்டியாவே வச்சுக்கும், இலை வழியாவும் தண்ணி ஆவியாகிட்டே இருக்கும், அதனால அந்தச் செடியோட தண்ணியும் அதுல கரைஞ்ச நைட்ரஜன் சத்தும் இந்தப் பக்கம் இழுபட்டு வருது.

இலை பச்சையா இருக்குல்ல, அதனால சாப்பாட்ட பெரும்பாலும் வெயில்ல அதுவே தயார் பண்ணிக்குது. முழு ஒட்டுண்ணி இல்ல, பாதி ஒட்டுண்ணி.

எந்தச் செடி துணைக்கு வேணும்னு கேட்டா எனக்குப் பிடிச்சது துவரைதான். அதோட வேர் முடிச்சுல இருக்கிற பாக்டீரியா காத்துல இருக்கிற நைட்ரஜன புடிச்சு வைக்கும், அது அப்படியே சந்தனத்துக்கும் கிடைக்கும், கூடவே சின்னக் கன்னுக்கு லேசா நிழலும் ஆச்சு. ஆனா துவரை மேல ஏறி மூடிட்டா வெட்டிவிடணும், வேரோட பிடுங்கக் கூடாது. தண்ணி தேங்கவும் விடாதீங்க, சந்தன வேர் சீக்கிரம் அழுகிடும்.

வெளுத்துப்போன அந்தக் கன்னு பக்கத்துல நாலு துவரை ஊனினேன், அது வேர் விட்டு வளர்ந்ததுக்கு அப்புறம்தான் நுனியில புதுசா செம்பு நிறத்துல ரெண்டு தளிர் வந்துச்சு, பார்த்ததும் மனசு லேசாயிடுச்சு. துவரை ரொம்ப வருஷம் நிக்காது, அதனால மூணடி தள்ளி ஒரு சவுக்கு இப்பவே வச்சாச்சு.