ஆர்த்ரைட்டிஸ்: வாதமா, தேய்வா, அழற்சியா?

மட்டக்களப்புப் பக்கம் மூட்டு நோவுக்கு ஊரில் ஒரே பெயர்தான்: வாதம். படுவான்கரையில் காலமெல்லாம் வயல் செய்து முழங்கால் மடக்க ஏலாமல் போன முதியவருக்கும் வாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கி, விடியற்காலையில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாத முப்பது வயதுப் பெண்ணுக்கும் வாதம். "கால் உளையுது மனே, வாதம்தான்" என்றால் பேச்சு முடிந்தது, எண்ணெய்ப் போத்தல் வெளியே வரும். கிளினிக் கொப்பியிலோ டொக்டர் ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதுகிறார்.

ஆர்த்ரைட்டிஸ் கிரேக்கச் சொல். 'ஆர்த்ரான்' என்றால் மூட்டு. 'ஐட்டிஸ்' என்ற விகுதிக்கு முதலில் 'அதைச் சேர்ந்த' என்பதற்கு மேல் பொருள் கிடையாது. மூட்டைச் சேர்ந்த நோய், அவ்வளவுதான். அந்த விகுதியில் அழற்சி என்ற பொருளை ஏற்றியவர்கள் பிற்கால மருத்துவர்கள். சிவந்து, வீங்கி, சூடேறி நோவதுதான் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. ஆகவே மூட்டழற்சி என்பது நல்ல தமிழ்ச்சொல். காதால் மட்டும் கேட்பவர்கள் "அலர்ஜியா?" என்று திருப்பிக் கேட்பதுதான் அதற்குள்ள ஒரே சங்கடம்.

மூட்டு என்ற சொல்லுக்கு விளக்கம் வேண்டுமென்றால் நெசவூரான மருதமுனைக்குப் போகலாம். தறியில் இருந்து இறங்கிய சாரம் வெறும் துணி. இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால்தான் உடுக்கலாம். அப்படித் தைப்பதை மூட்டுவது என்கிறோம். உடம்பில் எலும்பும் எலும்பும் சேருமிடமும் அதே மூட்டுத்தான். கீல் என்றாலும் மூட்டுத்தான். கீல்வாதம் அதிலிருந்து வந்தது. ஆனால் யூரிக் அமிலம் படிந்து கால் பெருவிரலைப் பிடிக்கும் கவுட் நோய்க்குச் சிலரும், எல்லா மூட்டு நோய்க்கும் சிலருமாக அதை எழுதுவதால், நான் அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுவேன்.

இனி வாதம். வடமொழியில் காற்று. திருக்குறள் 941 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்பதில் வளி வருவது இதற்குத்தான். உடம்பின் அசைவையும் நோவையும் காற்றின் கணக்கில் வைத்தது நம் மருத்துவம். ஐரோப்பியர்கள் நீரின் கணக்கில் வைத்தார்கள்: தலையில் இருந்து கெட்ட நீர் வழிந்து மூட்டில் தேங்குகிறது என்பது அவர்கள் எண்ணம். 'ருமா' என்றால் ஒழுக்கு. ருமட்டிசம் அதன் பிள்ளை. ருமட்டோயிட் ஆர்த்ரைட்டிஸ் என்ற பெயரை 1859இல் தந்தவர் ஆல்பிரட் கரொட் என்ற ஆங்கில மருத்துவர். அதுதான் நம் முடக்குவாதம். தமிழ்நாட்டில் சரவாங்கி என்றும் சொல்வார்கள்.

வாதம் பழைய சொல் என்பது எனக்குக் குறையில்லை. பாரிசவாதம் மூளையில் இரத்த ஓட்டம் தடைப்படுவதாலோ இரத்தம் கசிவதாலோ வருவது. இளம்பிள்ளைவாதம் கிருமியால் வருவது. முடக்குவாதமோ உடம்பின் காவல் படையே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவது. இத்தனைக்கும் ஒரே பெயர் இருப்பதால் "வாதம் தானே, வயதானால் வரும்" என்று இருந்துவிடுகிறோம். முடக்குவாதத்தில் அப்படி இருக்கக்கூடாது. முதல் மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் எலும்பு அரிபடுவதைப் பெருமளவு தடுக்கலாம், அரிபட்டது திரும்பாது. அதற்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட் குளிசை கிழமைக்கு ஒருநாள் மட்டும் போடுவது. மற்றக் குளிசைகளைப் போல நாளாந்தம் போட்டால் உயிராபத்து. வீட்டில் குளிசை எடுத்துக் கொடுப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தேய்வு என்ற சொல் வேறு விதமாகக் கெடுக்கிறது. ஒஸ்டியோ ஆர்த்ரைட்டிஸைத் தமிழில் மூட்டுத் தேய்வு என்கிறோம். 'தேய்ந்துவிட்டது' என்று கேட்டவர் என்ன செய்வார்? மேலும் தேயுமே என்று நடையை நிறுத்திக் கதிரையில் உட்கார்ந்துவிடுவார். ஆனால் இது குருத்தெலும்பு மட்டும் தேயும் நோயல்ல. எலும்பு, உட்சவ்வு, தசைநார் என மூட்டு முழுவதையும் பிடிப்பது, மெல்லிய அழற்சியும் உண்டு. தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிதான் முதல் மருத்துவம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பயிற்சி சொல்லித்தரும் இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) போகச் சொன்னால் "அங்கே மருந்து தரமாட்டார்களே" என்று திரும்பி வருவோர் எத்தனை பேர்!

2006 கடைசியில் கிழக்கைப் பிடித்த சிக்குன்குன்யாவும் மூட்டு நோய்தான். அது தான்சானியாவின் மாக்கோண்டே மொழிச் சொல். வளைந்து முடங்கிப்போவது என்று பொருள். காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் மூட்டு நோவு கிடக்கலாம். அதையும் வாதம் என்றுதான் சொன்னோம்.

சரி, பொதுவாக எழுதும்போது மூட்டழற்சி, அந்த ஒரு நோய்க்கு முடக்குவாதம், முதுமையில் வரும் முழங்கால் நோவுக்கு வேறு நல்ல சொல் வரும்வரை மூட்டுத் தேய்வு. கிளினிக்கில் இந்தச் சொல் எதுவும் தேவையில்லை. எந்த மூட்டு, இரண்டு பக்கமுமா, வீக்கம் உண்டா, காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் என்று சொன்னால் போதும். அரை மணித்தியாலத்துக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்வு; ஒரு மணித்தியாலம் தாண்டினால் முடக்குவாதமா என்று இரத்தம் பார்க்கச் சொல்வார்கள்.