‘முற்போக்கு ராக்’ வேண்டாம், ‘வளர்நடை ராக்’ போதும்

எழுபதுகளின் ஜெர்மன் ராக் இசையைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் அதில் ‘முற்போக்கு ராக்’ என்ற தொடர் தவறாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. புரோகிரசிவ் ராக் என்பதற்கு யாரோ அகராதியின் முதல் பொருளை எடுத்து வைத்தார்கள், மற்றவர்கள் கேள்வியின்றிப் பின்பற்றுகிறார்கள். தவறான சொல் இது. கேட்பவரை வேறொரு இசைக்கு இட்டுச் செல்கிற சொல்.

சொல்லின் பிறப்பு எளிது. இலத்தீனில் ‘ப்ரோ’ என்றால் முன். ‘கிராதி’ என்றால் அடியெடுத்து வைத்தல். இரண்டும் சேர்ந்தால் முன்னோக்கி நடத்தல். இசைக்கு இந்த அடைமொழி வந்தது அமெரிக்க ஜாஸ் வழியாக. 1940களின் பிற்பகுதியிலேயே ஜாஸ் இசைக்குழுத் தலைவர் ஸ்டான் கென்டன் தம் இசையைப் ‘புரோகிரசிவ் ஜாஸ்’ என்று அழைத்தார். அறுபதுகளின் இறுதியில் பிரிட்டனில் அது ராக்கோடு ஒட்டிக்கொண்டது. ஹார்வெஸ்ட், வெர்டிகோ ஆகிய இசைத்தட்டு முத்திரைகள் 1969இல் இவ்வகைக் குழுக்களுக்காகவே தொடங்கப்பட்டன. மூன்று நிமிடப் பாட்டு, சரணம், பல்லவி என்ற கட்டிலிருந்து வெளியேறி, ஒரு கருத்தை எடுத்துப் பத்து, இருபது நிமிடம் வளர்த்துக்கொண்டு போவதுதான் அந்த இசை. தனிப்பாட்டை விட்டுவிட்டு முழு இசைத்தட்டையே ஓர் ஆக்கமாகக் கருதியதும் அப்போதுதான். சொல் குறிப்பது இந்த வளர்த்தலை.

‘முற்போக்கு’ என்ற தமிழ்ச் சொல்லும் முன் + போக்கு என்று பிரித்தால் அதே பொருள்தானே என்று கேட்பார்கள். பிரித்தால் சரி. ஆனால் சொல் பிரித்துப் பார்க்கப்படுவதற்காக வாழ்வதில்லை. தமிழில் முற்போக்கு என்றால் அரசியல். அதன் எதிர்ச்சொல் பிற்போக்கு, அதுவும் அரசியல். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975இல் தொடங்கியபோது அந்தச் சொல்லுக்கு யாரும் விளக்கவுரை எழுத வேண்டியிருக்கவில்லை. இலங்கையில் முற்போக்குக்கு எதிராக எழுத்தாளர் எஸ்.பொ. (எஸ். பொன்னுத்துரை) ‘நற்போக்கு’ என்று கொடி பிடித்தபோதும் சண்டை இலக்கியத்தின் அரசியலைப் பற்றியதுதான். இத்தனை காலம் ஒரு பொருளில் பழுத்துவிட்ட சொல்லைப் பிடுங்கி ஓர் இசைவகைக்குச் சூட்டினால், வாசகர் அதில் வர்க்கப் போராட்டத்தைத்தான் தேடுவார்.

தேடினால் கிடைக்கவும் செய்யும் என்பதுதான் சிக்கல். அதே ஜெர்மனியில், அதே ஆண்டுகளில், உண்மையாகவே முற்போக்கு ராக் என்று சொல்லத்தக்க இசை இருந்தது. மேற்கு பெர்லினின் டோன் ஷ்டைனே ஷெர்பென் குழு 1972இல் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டின் பெயரே ‘யாருக்கும் அதிகாரம் இல்லை’ என்ற பொருள்படும். கொலோன் நகரின் ஃப்லோ டெ கொலோன் குழு 1971இல் முதலாளிகளை ‘லாபக் கழுகுகள்’ என்று திட்டி ஒரு ராக் நாடகமே செய்தது. ஜெர்மானியர்கள் இதைப் ‘போலிட்ராக்’ (அரசியல் ராக்) என்று தனியாக அழைத்தார்கள். ஷெர்பென் குழுவின் இசை நேரடியானது. முழங்க வேண்டிய வரி, இறுக்கமான கிடார், முடிந்தது. புரோகிரசிவ் ராக்கின் இலக்கணம் எதுவும் அதற்குப் பொருந்தாது.

இனி அதே மேற்கு பெர்லின், அதே 1972: அஜிடேஷன் ஃப்ரீ குழுவின் முதல் இசைத்தட்டு ‘மாலெஷ்’. கான், நொய், டாஞ்சரின் ட்ரீம் ஆகிய ஜெர்மன் குழுக்களின் புகழ் நிழலில் இது இன்றுவரை உரிய கவனம் பெறவில்லை. லுட்ஸ் உல்பிரிஷ், யோர்க் ஷ்வெங்கே இருவரும் கிடார். மிகாயேல் குந்தர் பேஸ். பூர்க்ஹார்ட் ரௌஷ் டிரம்ஸ். மிகாயேல் ஹோனிக் சின்தசைசர். சுவிஸ் இசையமைப்பாளர் தோமாஸ் கெஸ்லரின் பெர்லின் ஸ்டுடியோவில் பழகியவர்கள். அந்த ஆண்டு ஜெர்மன் பண்பாட்டு அமைப்பான கோதே நிறுவனம் இவர்களை எகிப்து, லெபனான், சைப்ரஸ், கிரீஸ் நாடுகளுக்கு அனுப்பியது. போன இடங்களில் தெருவோசைகளையும் குரல்களையும் ஒலிநாடாவில் பிடித்து வந்து இசைத்தட்டுக்குள் வைத்தார்கள். தட்டில் உள்ள ஆக்கங்களின் பெயர்களைப் பாருங்கள்: ‘கான் எல் கலீலி’ கெய்ரோவின் பழைய கடைவீதி. ‘அலா தூல்’ எகிப்திய அரபியில் ‘நேரே போ’. ‘மாலெஷ்’ என்பதற்கு நம் ‘பரவாயில்லை’ அச்சாகப் பொருந்தும்.

இதில் அரசியல் முழக்கம் எங்கே? ஏறக்குறைய முழுக்க வாத்திய இசை. குழுவின் பெயரில் ‘அஜிடேஷன்’ இருப்பதைப் பார்த்து மொழிபெயர்ப்பாளர் ‘கிளர்ச்சி’ என்று எழுதி, பக்கத்தில் ‘முற்போக்கு’ என்றும் எழுதிவிட்டால் இசை கேட்காமலேயே ஒரு போராட்டக் குழு தயார். உள்ளே நடப்பது வேறு. ‘சஹாரா சிட்டி’யில் முதலில் தாளமே கைக்கு அகப்படாது, ஓசைகள் மிதக்கின்றன, மெல்லத் துடிப்பு கூடுகிறது, கிடார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடைசியில் கொதிநிலைக்கு வருகின்றன. ஒரு சிறு பேஸ் வரியை விடாமல் திருப்பித் திருப்பி வாசித்து, அதன் மேல் மற்றவை முளைக்க இடம் கொடுப்பது இவர்கள் வழி. பிரிட்டிஷ் குழுக்களின் சிடுக்கான தாள மாற்றங்களை இதில் எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே சிலர் முன்வைக்கும் ‘சிக்கலிசை’யும் உதவாது.

மற்ற மாற்றுகளும் அப்படித்தான். ‘முன்னேறிய ராக்’ என்றால் பிற ராக் பின்தங்கியது என்றாகும். அது வகைப்பெயர் ஆகாது, தீர்ப்பாகிவிடும். ‘பரிசோதனை ராக்’ வேறொரு வகைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. ‘நவீன ராக்’ காலத்தைச் சொல்கிறதே தவிர முறையைச் சொல்லவில்லை.

ஆங்கிலத்திலும் அரசியலுக்கும் இசைக்கும் ஒரே சொல்தானே என்பது கடைசி வாதம். தமிழ் அந்த ஒரே சொல்லை எப்போதோ பல சொற்களாகப் பிரித்துக்கொண்டுவிட்டது. வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் வரியைப் பாடநூல் ‘வளர்வீத வரி’ என்கிறது; ‘முற்போக்கு வரி’ என்று எழுதினால் பொருளியல் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். நாளுக்கு நாள் கூடும் நோயை ‘முற்றிவரும் நோய்’ என்கிறோம். வரிக்கும் நோய்க்கும் காட்டிய அக்கறையை இசைக்கும் காட்டலாம்.

என் பரிந்துரை ‘வளர்நடை ராக்’. இலத்தீன் வேரில் உள்ள அடிவைப்பு ‘நடை’யில் அப்படியே இருக்கிறது. எழுத்து நடை என்னும்போது பாணி, திஸ்ர நடை, கண்ட நடை என்னும்போது தாளக் கணக்கு. இரண்டும் இந்த இசையின் நடுப்புள்ளிகள். ‘வளர்’ என்பது வளர்பிறையில் உள்ளதுபோல வினைத்தொகை: வளர்ந்த, வளர்கிற, வளரும் என மூன்று காலத்தையும் அடக்கும். 1972இன் தட்டுக்கும் நேற்று வந்த தட்டுக்கும் ஒரே சொல் செல்லும். புணர்ச்சியிலும் தொல்லையில்லை: வளர்நடைக் குழு, வளர்நடை இசைத்தட்டு. ‘நடை’ என்றதும் கர்நாடக இசைக்காரர்கள் தாளத்தை மட்டும் நினைப்பார்கள் என்ற ஆட்சேபம் வரலாம். அது அரசியல் குழப்பத்தைவிடச் சிறிய விலை. இசைக்குள்ளேயே நிற்கும் குழப்பமும் கூட.

‘ராக்’கை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். ‘பாறை இசை’ என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். ராக் அண்ட் ரோலின் ‘ராக்’ கல்லைக் குறிக்கவில்லை; ஆடுதல், அசைதல் என்ற வினை அது. அகராதியில் முதலில் கண்ட பொருளை ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம் ‘பாறை’யில் வெளிப்படையாகத் தெரிவதால் சிரித்துத் தள்ளுகிறோம், ‘முற்போக்கு’ நல்ல தமிழாகத் தெரிவதால் தப்பித்துவிடுகிறது. தூய தமிழ்ச் சொல்லே தவறான பொருள் தரும்போது அதைவிட ஒலிபெயர்ப்பு மேல். வளர்நடை பிடிக்காதவர்கள் ‘புரோகிரசிவ் ராக்’ என்றே எழுதட்டும். மெய்யெழுத்தில் தொடங்கும் ‘ப்ரோகிரசிவ்’ மட்டும் வேண்டாம். முதல் முறை ‘வளர்நடை ராக் எனப்படும் புரோகிரசிவ் ராக்’ என்று இரண்டையும் தந்து, பிறகு வளர்நடை என்று மட்டும் எழுதினால் எந்த வாசகரும் தடுமாற மாட்டார்.