கிடாய்க்கு எடை ஏற்றும் ஊசி: சட்டம் என்ன சொல்கிறது?

வேள்விக்கோ விற்பனைக்கோ வளர்க்கும் கிடாய் கெதியில் எடை வைக்க ஹோர்மோன் ஊசி போடலாமா? நீங்களாக வாங்கிப் போடக்கூடாது. இலங்கையில் கால்நடை மருந்து எதுவானாலும் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவதும் இதற்கு விலக்கல்ல. தீவனத்தில் கலக்கும் மாவு வகைகளுக்கு 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீவனச் சட்டம் இருக்கிறது. பெயரில்லாப் பையில் வருவதை வாங்கவே வேண்டாம்.

இந்த ஊசிக் கதை பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவது. அங்கே செம்மறிக் குட்டிகளுக்கு, ஹோர்மோன் போல வேலை செய்யும் செரனோல் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். அது ஊசிமருந்துகூட அல்ல. காதுத் தோலுக்கடியில் வைக்கும் சிறு குளிசை, 12 மில்லிகிராம். வைத்தபின் 40 நாள் கழியாமல் அறுக்கக்கூடாது. இனவிருத்திக்கு வைத்திருக்கும் ஆட்டுக்கு அங்கேயும் கூடாது.

பலன் இல்லாமல் இல்லை. தின்ற தீனி கொழுப்பாகாமல் தசையாகும், எடையும் ஏறும். நலமடித்த (விதையடித்த) கிடாயில்தான் இது நன்றாகத் தெரியும். நலமடிக்காததற்கு ஆண் ஹோர்மோன் உடம்பிலேயே ஊறுகிறதே! ஆனால் இறைச்சி சற்றுக் கடினமாகலாம், சில குட்டிகளுக்கு ஆசனவாய் வெளியே தள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஹோர்மோன் கொடுப்பதையே தடைசெய்துவிட்டது. 1989இலிருந்து அப்படி வளர்த்த இறைச்சியை இறக்குமதி செய்யவும் விடுவதில்லை. சினைப்பருவத்தை ஒருங்கே வரவழைக்க வைத்தியர் கொடுப்பது வேறு விசயம், அதற்கு அங்கும் இடமுண்டு.

என்னைக் கேட்டால், நம் கையில் இருக்கும் ஹோர்மோன் முடிவு நலமடிப்பதுதான். அடிக்காமல் விட்டால் வேகமாக வளரும், கொழுப்புக் குறைவு, ஆனால் கறியில் மொச்சை (கிடாய் வாடை) அடிக்கும். அடித்தால் மொச்சை போகும், கொழுப்புச் சேரும். வாங்குபவர் எதைக் கேட்கிறார் என்று பார்த்து முடிவெடுங்கள். எடை ஏறாத ஆட்டுக்குப் பல நேரம் குறை வயிற்றுப் புழுதான்.

சரி, புழு மருந்துக்கும் அறுப்பதற்கு முன் விடவேண்டிய நாள்கணக்கு உண்டு. அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மருந்து எடுக்கும்போதே அந்தக் கணக்கைக் கேட்டு, கொடுத்த திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள். கிடாயை விற்கும்போது வாங்குபவரிடமும் சொல்லிவிடுங்கள்.