பட்டம் தீர்மானமாகும் நாளில் வண்டி ஏன் நிற்கிறது?

சாம்பியன் பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டால், பார்ப்பவர்கள் விதி என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். பந்தய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதும், உடைந்த பாகம் ஏன் உடைந்தது என்று தேடுவதும் என் தொழில். நான் பார்த்தவரை, பெரும்பாலான பழுதுகள் பந்தயத்துக்கு முன்பே பிறந்துவிடுகின்றன. இறுதிப் பந்தயத்துக்கு முந்தைய வாரம் பட்டறைக்குள் நடப்பது வெளியே தெரிவதில்லை. வண்டி தயார் செய்யும் இளைஞர்களும் சிறிய குழுக்களை நடத்துபவர்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1962 டிசம்பர் 29, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன். ஃபார்முலா ஒன் பட்டத்துக்கு ஜிம் கிளார்க்கும் கிரஹாம் ஹில்லும் போட்டியில் இருந்தார்கள். கிளார்க் வென்றால் பட்டம் அவருக்கு. யாரும் நெருங்க முடியாத முன்னிலையில் ஓடிக்கொண்டிருந்தார். 82 சுற்றுகளில் 60-ஐத் தாண்டிய நிலையில் அவருடைய லோட்டஸின் பின்னால் புகை கிளம்பியது. இன்ஜினில் இருந்த ஒரு சிறு போல்ட் கழன்று விழுந்திருந்தது. அந்தத் துளை வழியாக ஆயில் ஒழுகிவிட்டது. ஹில் சாம்பியன் ஆனார். 1964-இல் மெக்சிகோ சிட்டியில் மறுபடியும் அதே கிளார்க், மறுபடியும் முன்னிலை, மறுபடியும் ஆயில் ஒழுக்கு. கடைசிச் சுற்று தொடங்கும் தறுவாயில் இன்ஜின் சீஸ் ஆகி (உள்பாகங்கள் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்று), பட்டம் ஜான் சர்டீஸுக்குப் போனது. கிளார்க்கின் திறமையை யாரும் சந்தேகிக்க முடியாது; 1963, 1965 இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் அவருடையதுதான்.

இது இறுதிப் பந்தயம் என்று போல்ட்டுக்குத் தெரியாது. அதை முறுக்குகிறவருக்குத் தெரியும். பதற்றம் இயந்திரத்துக்குள் போவது அந்தக் கைகள் வழியாகத்தான்.

பட்டத்துக்குப் போட்டியிடும் எந்தக் குழுவிலும் கடைசி வாரம் ஓர் ஆசை தலைதூக்கும்: எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடலாம் என்று. கேட்பதற்குப் பொறுப்பான பேச்சாகத் தோன்றும். ஆனால் புதிய பாகம் என்றால் இன்னும் சோதிக்கப்படாத பாகம் என்று பொருள். வார்ப்பில் இருந்த குறை, தவறான அளவில் வந்த சீல், சரியாக உட்காராத பேரிங் போன்றவை ஓடத் தொடங்கிய முதல் சில மணி நேரத்தில்தான் வெளிப்படும். ஓடி, பிரித்துப் பார்க்கப்பட்டு, விரிசல் இல்லை என்று உறுதியான பாகத்தின் குணம் நமக்குத் தெரியும். ஆயுள் முடிந்ததை மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதாக இருந்தால், பந்தயத்துக்கு முன் பயிற்சி ஓட்டத்தில் அது சூடாகி ஆறுவதற்கு இடம் இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு பயத்தில் மாட்டும் பாகத்துக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

இன்னொரு வழக்கம், முறுக்கிய போல்ட்டை மீண்டும் மீண்டும் முறுக்கிப் பார்ப்பது. சரியான விசையில் முறுக்கிய போல்ட் ஒரு ஸ்பிரிங் போல லேசாக நீண்டு நிற்கிறது. அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. எல்லையைத் தாண்டி முறுக்கினால் அது நிரந்தரமாக நீண்டுவிடும், பிடிப்பும் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் இறுக்கமாகவே தெரியும். அதிர்வில் தளர்வதும், திரும்பத் திரும்ப வரும் விசையால் உலோகம் களைத்து விரிசல் விட்டு உடைவதும் அதற்குப் பிறகுதான். மூன்று பேர் மூன்று முறை ‘சரிபார்த்த’ போல்ட்டை நான் இதனாலேயே நம்புவதில்லை. ஒருவர் டார்க் ரெஞ்சில், அதாவது முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரில், முறுக்க வேண்டும், இன்னொருவர் பார்த்துப் பெயின்ட் கோடு போட வேண்டும். அதோடு யாரும் தொடக்கூடாது. நடுவில் யாராவது கூப்பிட்டு வேலை தடைபட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் அந்த வரிசையின் முதல் போல்ட்டிலிருந்து மறுபடி வர வேண்டும். இறுதி வாரத்தில் விருந்தினர்கள், கேமராக்கள், கேள்விகள் என்று தடைகள் பெருகும். வண்டியைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, உள்ளே வர யாருக்கு அனுமதி என்று தீர்மானித்தாலே பாதிப் பிழை குறையும் என்பது என் அனுபவம்.

பதற்றம் தகவலையும் கெடுக்கும். அதை 1986 அக்டோபர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த இறுதிப் பந்தயம் போல் காட்டும் வேறொன்று எனக்குத் தெரியாது. நைஜல் மான்செல் 70 புள்ளிகள், அலன் ப்ரோஸ்ட் 64, நெல்சன் பிகே 63. மான்செலுக்கு மூன்றாம் இடமே போதும். பந்தயத்தின் நடுவில் பஞ்சர் ஆனதால் ப்ரோஸ்ட் டயர் மாற்ற வேண்டியதாயிற்று. கழற்றிய டயர்களைப் பார்த்த டயர் நிறுவனத்தின் தொழில்நுட்பர்கள், தேய்மானம் குறைவு, மற்றவர்கள் மாற்றாமலே முடித்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு வண்டியின் டயர் சொன்ன சேதியை இன்னொரு வண்டிக்குப் பொருத்தினார்கள். கார் வேறு, ஓட்டுபவர் வேறு, வேகம் வேறு.

அடுத்து நடந்ததைத்தான் நான் ஒவ்வொரு புதிய மெக்கானிக்கிடமும் சொல்கிறேன். முன்னிலையில் இருந்த கெகே ரோஸ்பெர்க் பின்னாலிருந்து சத்தம் கேட்டதும் இன்ஜின் போய்விட்டது என்று நினைத்து வண்டியை ஓரம் கட்டிவிட்டார். உண்மையில் கிழிந்த டயரின் மேல்பட்டை வண்டியின் உடற்பகுதியில் அடித்த சத்தம் அது. இன்ஜின் நலமாகவே இருந்தது. டயர் என்று அந்த நொடியில் தெரிந்திருந்தால், மற்ற குழுக்களுக்கு எச்சரிக்கை போயிருக்கலாம். சிறிது நேரத்தில், 64-ஆம் சுற்றில், நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த மான்செலின் இடது பின் டயர் வெடித்தது. வண்டியைச் சுவரில் மோதவிடாமல் அவர் நிறுத்தியதே பெரிய காரியம்.

இப்போது முன்னிலை மான்செலின் அணித்தோழர் பிகேயிடம். அப்படியே ஓடி வென்றிருந்தால் பட்டம் அவருக்கு. அவர்கள் இருவரின் வில்லியம்ஸ் குழு பிகேயை டயர் மாற்ற உள்ளே அழைத்தது. ப்ரோஸ்ட் முந்தினார், சுமார் 4 வினாடி வித்தியாசத்தில் வென்றார், 2 புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார். பட்டத்தை விட்டுக்கொடுத்த முடிவு என்று இதைச் சிலர் குறை சொல்வார்கள். அதே டயர், அதே பாதை, சற்று முன்பு ஒருவர் உயிர் தப்பியிருக்கிறார். அந்த அழைப்பைவிடச் சரியான முடிவைப் பந்தய வரலாற்றில் நான் அதிகம் பார்த்ததில்லை. அழுத்தத்தின் உச்சியில், கையில் இருந்த ஆதாரத்துக்கு மதிப்புக் கொடுத்தார்கள்.

கடைசிப் பந்தயத்தின் பழுது அவ்வளவு வலிப்பதற்குக் காரணம், அதற்கு முன்பே புள்ளிகளின் கையிருப்பு கரைந்திருப்பதுதான். 2007-இல் பிரேசிலின் இன்டர்லாகோஸில் நடந்த இறுதிப் பந்தயத்தில் லூயிஸ் ஹாமில்டனின் கியர்பாக்ஸ் கொஞ்ச நேரம் வேலை செய்யாமல் போனது. வண்டி மெல்ல உருண்டது, பின்னால் தள்ளப்பட்டார், 7-ஆம் இடத்தில் முடித்து 1 புள்ளியில் பட்டத்தை இழந்தார். எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்த கியர்பாக்ஸ். முந்தைய பந்தயமான ஷாங்காயில் தேய்ந்துபோன டயரோடு அவரை நீண்ட நேரம் ஓடவிட்டதும், பிட்டுக்குள் (டயர் மாற்றும் இடத்துக்குள்) திரும்பும் வளைவில் அவர் சரளையில் சிக்கியதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். 2008-இல் ஃபெலிப்பே மாசா பட்டத்தை இழந்ததும் 1 புள்ளியில்தான். அந்த ஆண்டு ஹங்கேரியில் முன்னிலையில் இருந்தபோது, முடிய மூன்றே சுற்றுகள் இருக்கையில் அவருடைய இன்ஜின் வெடித்தது. 2016-இல் மலேசியாவின் செபாங்கில் முன்னிலையில் இருந்த ஹாமில்டனின் இன்ஜின் தீப்பிடித்தது. ஆண்டு முடிவில் நிகோ ரோஸ்பெர்க்கிடம் 5 புள்ளியில் தோற்றார். பட்டத்தைத் தீர்மானித்த பந்தயம் எது என்று அந்த நாளில் யாருக்கும் தெரிவதில்லை. ஆகவே ஆண்டின் நடுவில் கண்ட சின்ன ஒழுக்கையும், ஒருமுறை மட்டும் வந்து மறைந்த சென்சார் எச்சரிக்கையையும் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

தெரிந்த பலவீனத்தோடு இறுதிக்குப் போவதும் உண்டு. 2012-இல் செபாஸ்டியன் வெட்டல் வாலென்சியாவிலும் மொன்ஸாவிலும் ஆல்டர்னேட்டர் (வண்டிக்கு மின்சாரம் தரும் பாகம்) பழுதால் விலகினார். ஆஸ்டினில் அவருடைய அணித்தோழர் மார்க் வெப்பருக்கும் அதே கதி. அடுத்தது பிரேசில், இறுதி. முதல் சுற்றிலேயே வெட்டல் மோதிச் சுழன்று கடைசிக்குப் போனார், இடப்பக்கம் நசுங்கியது. குழு சேதத்தைப் புகைப்படங்களில் ஆராய்ந்து, இன்ஜின் அமைப்பை அதற்கேற்ப மாற்றி, மிச்ச தூரத்தை ஓடவைத்தது. 6-ஆம் இடம், 3 புள்ளி வித்தியாசத்தில் பட்டம்.

ஓட்டுநரின் உடலும் இதில் ஒரு பாகம். அழுத்தம் ஏறும்போது பார்வையும் கேட்பும் குறுகும், ரேடியோவில் சொன்னது காதில் விழுந்தும் மனதில் பதியாது, விரல்கள் முரடாகும். 2021-இல் அஜர்பைஜானின் பாகூவில் பந்தயம் மீண்டும் தொடங்கியபோது ஹாமில்டன் ஸ்டியரிங்கின் பின்னால் இருந்த பிரேக் சுவிட்சைத் தெரியாமல் தட்டிவிட்டார். முன் சக்கரங்கள் பூட்டி நேராக வெளியே போனார். குழு பிறகு அந்த சுவிட்சுக்கு மறைப்பு போட்டது. எனக்குப் பிடித்த விடை அது. ‘இனிமேல் கவனமாக இரு’ என்று சொல்வதால் எந்த சுவிட்சும் பாதுகாப்பாகிவிடாது.

பழுதைப் பழகவும் முடியும். 2016 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், முடிய சில நிமிடங்களே இருக்கையில் முன்னிலையில் இருந்த டொயோட்டா சக்தி இழந்து நின்றது. அடுத்த ஆண்டுகளில் அந்தக் குழு சோதனை ஓட்டங்களில் வேண்டுமென்றே கோளாறுகளை உண்டாக்கி, ஓட்டுநர்களும் பொறியாளர்களும் அவற்றிலிருந்து மீண்டுவரப் பயிற்சி எடுத்தது. 2018-இல் வென்றது. சிறிய குழுவும் இதைச் செய்யலாம்: ஓட்டுநருக்குச் சொல்லாமல் ஒரு சென்சார் இணைப்பைக் கழற்றிவிட்டு, ரேடியோவில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாலே போதும். ஒரே நேரத்தில் நான்கு குரல்கள் வந்தால், எதைச் சரிசெய்ய வேண்டும் என்று விளங்கிவிடும்.

எல்லாம் செய்தும் உடையும். 1998 பிரிட்டன் ராலியின் கடைசிக் கட்டத்தில், முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்னால் கார்லோஸ் சாயின்ஸின் டொயோட்டா நின்றது. இன்ஜினில் பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் உடைந்திருந்தது. முன்பே விலகிவிட்ட டோம்மி மாகினென் சாம்பியன் ஆனார். அப்படி ஒரு நாளில் என் முதல் கவலை, அந்த இன்ஜினைப் பூட்டியவரைப் பற்றி. இரவெல்லாம் தன் ஒவ்வொரு கை அசைவையும் நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். உடைந்த பாகத்தைத் துடைக்காமல், ஆயிலோடு, படம் எடுத்து மூடி வையுங்கள். பிரிப்பது மறுநாள், அவரும் கூட இருக்கையில். ஆராய்ச்சி முடியும் முன் யாரும் வெளியே காரணம் சொல்ல வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று, பட்டப் போட்டியில் இருக்கும் குழுக்களுக்கு: ‘வண்டி இன்னும் தயாராகவில்லை’ என்று சொல்லி அதை நிறுத்தி வைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைக் கடைசி வாரத்துக்கு முன்பே முடிவு செய்து எழுதி ஒட்டுங்கள். அவர் குழுவின் தலைவராக இருக்க வேண்டியதில்லை. அந்தப் பெயரை ஓட்டுநரிடமும் பணம் போடுபவரிடமும் முன்கூட்டியே சொல்லி, இருவரிடமும் ஒப்புதல் வாங்கி வையுங்கள்.