டிஎன்ஏ அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால்

குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று கேட்ட அதிர்ச்சியே அடங்கியிருக்காது, அதற்குள் எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டில் 'ஹைப்பர்டிப்ளாய்டி', அதாவது புற்றுச் செல்லில் குரோமோசோம்கள் வழக்கத்தைவிட அதிகம், என்று ஒரு வரி வந்துவிடும். மும்பையில் ஆய்வக மருத்துவராக இருக்கும் நான் தமிழ் பேசுவேன் என்று தெரிந்ததும், தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் வரும் பெற்றோர் அந்தக் காகிதத்தை நீட்டிக் கேட்பது ஒன்றுதான்: "டிஎன்ஏவே மாறிப்போச்சா டாக்டர், இனிமே காப்பாத்த முடியாதா?"

முடியும். இந்த நோயில் அது பெரும்பாலும் நல்ல செய்தி.

நம் உடல் செல்லில் 46 குரோமோசோம்கள். அதிலுள்ள டிஎன்ஏவை 1 என்று வைத்துக்கொண்டு, புற்றுச் செல்லில் எவ்வளவு என்று பார்ப்பதுதான் டிஎன்ஏ இன்டெக்ஸ். டிஎன்ஏவில் ஒட்டும் ஒளிர்சாயத்தைச் செல்களில் ஏற்றி, ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிடுவோம். டிஎன்ஏ கூடக்கூட வெளிச்சமும் கூடும். குழந்தைகளின் பி-செல் ஏ.எல்.எல்.லில் (பி வகை வெள்ளணுக்களில் வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோய்) இன்டெக்ஸ் 1.16 அல்லது அதற்கு மேல், அதாவது ஏறத்தாழ 51 முதல் 65 குரோமோசோம்கள் இருந்தால், மருந்துக்கு நோய் நன்றாகவே கட்டுப்படுகிறது. 44க்கும் குறைந்தால்தான் எங்களுக்குக் கவலை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: குரோமோசோம் மிகவும் குறைந்த செல்கள் சில சமயம் இருப்பதை அப்படியே இரட்டித்துக்கொண்டு, அதிகம் உள்ள செல்கள் மாதிரியே இயந்திரத்துக்குத் தெரியும். அதனால் இந்த எண்ணை மட்டும் நம்பி நாங்கள் முடிவு சொல்வதில்லை, குரோமோசோம் பரிசோதனையையும் சேர்த்தே பார்க்கிறோம்.

ஒன்றரை வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நரம்புத் திசுவில் வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயிலும் டிஎன்ஏ கூடுதலாக இருப்பது நல்ல அறிகுறிதான். மார்பகப் புற்றுநோய் அப்படியில்லை. அங்கே இதை வழக்கமாகச் செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 1996லேயே சொல்லிவிட்டது. எனவே அந்த நோயாளிகள் யாராவது சொன்னார்கள் என்று இதற்காகத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம்.

அப்புறம் முக்கியமான விஷயம். விடாத காய்ச்சல், கழுத்தில் கட்டி, உடம்பு வெளுத்துப்போவது என்று குழந்தையைக் காட்டும்போது, ரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால், புற்றுச் செல்கள் தற்காலிகமாகக் குறைந்து, பிறகு எடுக்கும் மஜ்ஜையில் அளந்து பார்க்கவே போதுமான செல் கிடைக்காமல் போகலாம். அது என்ன மருந்து என்று முதலில் கேளுங்கள். ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதா, சரி, அந்த மருந்துச் சீட்டைத் தூக்கிப்போடாமல் மஜ்ஜை எடுக்கும் மருத்துவரிடம் காட்டுங்கள்.