முப்பதாவது பக்கத்தில் நின்றுபோகும் கதைகள்

என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர், துணிப்பையிலிருந்து ஒன்பது நோட்டுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினார். எல்லாம் லாங் சைஸ். ஒவ்வொன்றிலும் முதல் முப்பது, நாற்பது பக்கம் நெருக்கி எழுதியிருந்தது. அதற்கப்புறம் வெறும் தாள். "எல்லாமே நாவல்தான் மேடம். வீட்ல எனக்கு ஆரம்ப சூரன்னுதான் பேரு. எழுத்தையே விட்டுடலாமா?" வயது 34. (அவர் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.)

ஐந்தாவது நோட்டைப் புரட்டினேன். ஒரு பாட்டி முறுக்குப் பிழிந்துகொண்டே வீட்டுப் பத்திரத்தைப் பற்றி மகனிடம் பேசுகிறாள். பேச்சு சூடேற ஏற, எண்ணெயில் முறுக்கு கருகுகிறது. இப்படி எழுதுகிறவர் எழுத்தை விடக்கூடாது.

நோட்டுக்கு நோட்டு நடுவில் என்ன நடந்தது என்று கேட்டேன். மூன்று மாதம் கல்வெட்டு, பிறகு பறவைகள், பிறகு உப்பளம். பசி தெரியாமல் படிப்பார். "திடீர்னு ஒருநாள் காலையில சுவிட்ச் அணைச்ச மாதிரி ஆயிடும்."

இதைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். ஏடிஹெச்டி என்பது கவனத்தை நினைத்த இடத்தில் நிறுத்துவது கடினமாகிற, சிறுவயதிலேயே தொடங்கும் ஒரு நிலை. அது உள்ளவர்களுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. முக்கியம் என்பதற்காக மட்டும் ஒரு வேலையில் அந்தக் கவனம் நிற்பதில்லை. புதுமையும் ஆர்வமும் அவசரமும் இழுக்கிற பக்கம் போகிறது. ஊக்கத்தோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் செயல்படும் விதத்துக்கு இதில் பங்குண்டு. ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் ஆழ்ந்த ஈடுபாடுகள் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் நீடிப்பவை. ஏடிஹெச்டி என்று முடிவுக்கு வர, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். இவருக்கு இருந்தன.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்ற தெம்பு, கட்டுமீறிய செலவு, நிற்காத பேச்சு, இவற்றோடு ஆர்வம் பொங்கினால் அது வேறு விஷயம். தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். எதிலுமே நாட்டம் இல்லாமல் போனாலும் அப்படித்தான்.

மருத்துவர் கொடுத்த மாத்திரை இவருக்கு உட்கார்ந்து எழுத உதவியது. எந்தக் கதையை எழுதுவது என்பதை மாத்திரை சொல்லாது. அங்கேதான் எங்கள் வேலை தொடங்கியது. ஆர்வத்தைப் பிடித்து வைக்க நாங்கள் முயலவே இல்லை. போன ஆர்வம் பலருக்குத் திரும்பி வருகிறது. வரும்போது, விட்ட இடம் தெரியாததால்தான் கதை செத்துப்போகிறது. அதனால் நோட்டை மூடுமுன் மூன்று வரி எழுதச் சொன்னேன்: எங்கே நிறுத்தினேன், அடுத்து என்ன நடக்கும், யார் பேசப்போகிறார்கள். இவ்வளவுதான்.

புது ஆர்வத்தை விரட்டவும் இல்லை. உப்பளத்தைப் பற்றிப் படித்ததெல்லாம் வீணா என்று வருந்தினார். பாட்டியின் கணவர் உப்பளத்தில் வேலை பார்த்தவராக இருந்தால் என்ன என்று கேட்டேன். அன்று இரவே பதினோரு பக்கம் எழுதினார். பாத்திகளில் நின்று வெடித்த பாதங்களை அந்தப் பாட்டி நினைத்துப் பார்க்கும் பக்கம் அப்படி வந்ததுதான்.

'தினமும் எழுதுவேன்' என்ற சபதம் இவருக்கு நாலு நாள்கூட நிற்காது. 'இது முடிந்ததும் அது' என்று முன்கூட்டியே தீர்மானிப்பது பலன் தருவதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விரிவாக எழுதினார். அதன்படி, சாப்பிட்ட தட்டைக் கழுவியதும் நோட்டைத் திறக்க வேண்டும். ஒரு பத்தி போதும். ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் போட்டு எழுதியதை வாசிக்க வேண்டும். 'அப்புறம் என்னடா ஆச்சு?' என்று கேட்க ஒரு ஆள் இருந்ததுதான் இவரை அதிகம் எழுத வைத்தது என்பேன்.

நடுவில் எட்டு மாதம் நோட்டைத் தொடவில்லை. புகைப்படக் கலையில் மூழ்கிவிட்டார். நான் கடிந்துகொள்ளவில்லை. போன மாதம் வந்தபோது ஐந்தாவது நோட்டு நிறைந்து, இன்னொரு நோட்டை அதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கடைசிப் பக்கத்து அடியில் பென்சிலில் மூன்று வரி:

'பாட்டி பத்திரத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டாள். பேரன் பார்த்துவிட்டான். அடுத்து அவன் பேச வேண்டும்.'